இரண்டு சென்டிமீட்டர்: படை அதிகாரித் தேர்வில் அளவுகோலும் விலக்கும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் அரிசி, மிளகு, சுக்குக் கிடங்குகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசல் தெருவை நோக்கியது. பின்வாசல் காயலை நோக்கியது. பின்வாசலில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் தெரிவது வில்லிங்டன் தீவு. அது இயற்கையான தீவன்று. 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடலடியிலிருந்தும் காயலடியிலிருந்தும் தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், அங்கே 'வெந்துருத்தி' என்ற கடற்படைத் தளம் அமைந்தது. 1969இல் சுதந்திர இந்தியாவின் கடற்படை அகாதமி முதன்முதலாகத் தொடங்கப்பட்டதும் கொச்சியில்தான். 1986இல் அது கோவாவுக்கு மாறியது. 2009 ஜனவரியில் கண்ணூர் மாவட்டத்தின் எழிமலையில் நிலைபெற்றது. தென்னகக் கடற்படைக் கட்டளையகமும் அதன் மருத்துவமனையான சஞ்சீவனியும் இன்றும் கொச்சியில் உள்ளன.

காயலின் ஒரு கரையில் நெரிசல் மிகுந்த பழைய வணிக நகரம். மறுகரையில் அதிகாரிகளை உருவாக்கிய படைத்தளம். இடைப்பட்ட தூரம் படகில் சில நிமிடங்களே. ஆனால் அக்கரையின் சீருடையை அணிய விரும்பும் இளைஞர் எழுத்துத் தேர்வையும் நேர்முகத் தேர்வையும் வென்ற பிறகும் கடக்க வேண்டிய வாசல் ஒன்று உண்டு. அது மருத்துவக் குழுவின் அறை. அங்கே 'தகுதியற்றவர்' என்று எழுதப்பட்டவருக்கு விலக்குக் கேட்கும் வழி உண்டா என்ற கேள்வி, ஒரு விண்ணப்பதாரரின் தனிக் கேள்வி போலத் தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

*

கொச்சியின் உடல் ஐரோப்பிய மருத்துவ நூல்களில் இடம்பெற்றது டச்சுக்காரர் காலத்தில். 1680களின் இறுதியில் மலபார்க் கரையைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ஃபர், 1694இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் இப்பகுதியின் இரண்டு நோய்களை விவரித்தார். ஒன்றின் பெயர் 'பெரிகால்'. மற்றொன்று 'ஆண்ட்ரம்' என்று அவர் எழுதிய விரைவீக்கம். முதற்சொல்லின் பொருளைத் தமிழருக்கோ மலையாளிக்கோ விளக்க வேண்டியதில்லை; பெருத்த கால் என்பது சொல்லிலேயே இருக்கிறது. பின்வந்த ஆங்கிலேயர் யானைக்கால் நோயைக் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். ஊரின் பெயர் நோயின் பெயராயிற்று.

அதன் காரணம் பின்னரே விளங்கியது. கொச்சி நகரப் பகுதியில் சாக்கடைத் தேக்கத்தில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, 'உசெரெரியா பான்கிராஃப்டி' என்னும் ஒட்டுண்ணியைப் பரப்புகிறது. சற்றுத் தெற்கே, சேர்த்தலையின் குளங்களிலும் வயல்களிலும் மிதக்கும் ஆகாயத்தாமரையை ஒட்டி வளரும் மான்சோனியா கொசு பரப்பியது வேறோர் ஒட்டுண்ணியை, திருவிதாங்கூரில் எம்.ஓ.டி. ஐயங்கார் நடத்திய கள ஆய்வுகள் 1938இல் வெளிவந்தபோது இது தெளிவாயிற்று. இரண்டுமே காலை வீங்கச் செய்யும். ஆனால் நகரத்து வகைக்கு மட்டும் விரைவீக்கத்தை உண்டாக்கும் இயல்பு உண்டு.

இந்த மருத்துவ நுணுக்கத்துக்கும் படைத் தேர்வுக்கும் என்ன தொடர்பு? தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வுக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் அறிவிக்கையில் ஓர் அறிவுரை நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. விண்ணப்பதாரர்கள் தம் நலன் கருதி முன்கூட்டியே மருத்துவரிடம் உடலைச் சோதித்துக் குறைகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அது. அவ்வாறு குறிப்பிடப்படும் குறைகளின் பட்டியலில் காதழுக்கு, வளைந்த மூக்குத்தண்டு, கூடுதல் எடை, குறைந்த எடை, ஒடுங்கிய மார்பு, மூலம், தொண்டைச்சதை வீக்கம் ஆகியவற்றோடு விரைவீக்கமும் உண்டு. அதாவது கெம்ஃபர் 'மலபாரின் நோய்' என்று எழுதிய ஒன்று, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதிகாரித் தேர்வின் வாசலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு வசதியுள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு அது ஒரு சிறு தடை. முதல் மருத்துவச் சோதனையே படைமருத்துவமனையில்தான் என்ற நிலையிலுள்ள பிள்ளைக்கு அது வேறு வகையான தடை. விதி இருவருக்கும் ஒன்றே; விதியைச் சந்திக்கும் நிலை ஒன்றல்ல.

*

உடற்தகுதி என்பது உடலைப் பற்றியது மட்டுமே என்ற நம்பிக்கையை அசைக்கும் நிகழ்ச்சி ஒன்று 1914இல் இங்கிலாந்தில் நடந்தது. அதன் நடுவில் இருந்தவர் தென்னிந்தியாவுக்கு மிகவும் அறிமுகமானவர்.

ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி. பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதி. நெடுங்காலம் போரின்றி வாழ்ந்ததால் தென்னாட்டவரிடம் போர்க்குணம் மங்கிவிட்டது என்பது அவர் கருத்து. தம் நினைவுக் குறிப்புகளிலும் அதை எழுதினார். 'போர்க்குடிகள்' என்னும் கொள்கை வலுப்பெற்றதிலும், தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் காலாட்படையிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டதிலும் அவருடைய செல்வாக்குக்குப் பெரும் பங்குண்டு. எந்த மருத்துவரும் தொட்டுப் பார்க்காமல், எந்த அளவுநாடாவும் சுற்றப்படாமல், மக்கட்கூட்டங்கள் முழுவதும் 'தகுதி குறைந்தவை' ஆயின.

அதே ராபர்ட்ஸிடம் 1914இல் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் உதவி கேட்டார். மகன் ஜானுக்கு வயது 17. கடுமையான கிட்டப்பார்வை. படையில் சேரச் சென்றபோது கண்ணின் காரணமாக நிராகரிக்கப்பட்டிருந்தான். ராபர்ட்ஸ் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் கௌரவக் கர்னல். அவருடைய சொல்லால் ஜானுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. 1915 செப்டம்பர் 27 அன்று, பதினெட்டாம் பிறந்தநாள் கழிந்து ஆறு வாரங்களுக்குள், ஃபிரான்சின் லூஸ் போர்க்களத்தில் அவன் மாண்டான். தந்தை பின்னர் அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை எழுதினார். அது 1923இல் வெளிவந்தது.

இந்த நிகழ்ச்சி பொதுவாக ஒரு தந்தையின் குற்றவுணர்வுக் கதையாகவே சொல்லப்படுகிறது. தென்னிந்தியாவிலிருந்து படித்தால் அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒரு நிலப்பகுதியின் மக்களை அளக்காமலேயே விலக்கிய அதே கை, அளந்து விலக்கப்பட்ட ஓர் இளைஞனை உள்ளே அழைத்தது. தகுதி அளவும், அதிலிருந்து கிடைக்கும் விலக்கும், அன்று ஒரே மனிதரின் விருப்பத்தில் தங்கியிருந்தன. நிராகரிப்பில் உள்ள அநீதியைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. தனிமனித விருப்பத்தால் தரப்படும் விலக்கிலும் அநீதி உண்டு. சில வேளைகளில் அதன் விலையைச் செலுத்துபவர், அதைப் பெற்றவரே.

*

அளவுகோல் நீளக் குறுகக் கூடியது என்பதற்கும் அதே ஆண்டே சான்று. 1914 செப்டம்பரில் தன்னார்வலர் கூட்டம் அலைமோதியபோது, பிரிட்டிஷ் படை குறைந்தபட்ச உயரத்தை 5 அடி 6 அங்குலமாக உயர்த்தியது. கூட்டம் குறைந்ததும் சில வாரங்களில் அதைத் தாழ்த்தியது. நவம்பரில் 5 அடி 3 அங்குலத்துக்கு இறங்கியது. அதற்கும் குறைவான உயரமுள்ளவர்களுக்காக, பர்க்கன்ஹெட் நகர நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃபிரெட் பிக்லாண்டின் முயற்சியால் 'பான்ட்டம்' என்ற தனிப் படைப்பிரிவுகள் எழுந்தன. சுரங்கங்களில் உழைத்து உரமேறிய குள்ளமான ஆண்கள் அவற்றில் திரண்டனர். இரண்டு மாதங்களில் மனித உடல் மாறவில்லை, தேவை மாறியது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேராக இருந்த இந்தியப் படை, போர் முடிவதற்குள் 25 லட்சத்தைக் கடந்தது. போர்க்குடிகளை மட்டும் நம்பி அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. ராபர்ட்ஸ் கைவிட்ட மெட்ராஸ் மாகாணத்திலிருந்து பெருந்தொகையினர் சேர்க்கப்பட்டனர். எடைக்கான அளவு தளர்த்தப்பட்டது. எடை குறைவாகச் சேர்ந்தவர்கள் படையின் உணவை உண்ட சில மாதங்களிலேயே தேறியதை அதிகாரிகள் கண்டனர். 'தகுதிக் குறைவு' என்று பதிவேட்டில் எழுதப்பட்டதன் பெரும்பகுதி பசிதான் என்பதைப் படையின் எடைத்தராசே காட்டிக் கொடுத்தது.

ஆயினும் அளவுகள் எல்லாம் பொய் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழையாகும். நிறக்குருட்டைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் புள்ளிப் படங்களை ஷினோபு இஷிஹாரா ஜப்பானியப் படைக்காகவே உருவாக்கினார். அவை 1917இல் வெளிவந்தன. இருளில் எதிர்வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. இரண்டையும் பிரித்தறிய இயலாதவர் கப்பலின் மேல்தளத்தில் பொறுப்பேற்றால் ஆபத்து அவருக்கு மட்டுமன்று. பணியின் இயல்பிலிருந்து பிறக்கும் அளவு வேறு. பழக்கத்திலிருந்தும் முன்முடிவிலிருந்தும் பிறக்கும் அளவு வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே வரலாற்றாய்வின் வேலை.

*

சுதந்திர இந்தியா ராபர்ட்ஸின் வழியைத் தொடரவில்லை. தனிமனிதருக்கு அளிக்கும் விலக்கை விதியிலிருந்து நீக்கி, கூட்டத்துக்கு அளிக்கும் தளர்வை விதிக்குள்ளேயே எழுதி வைத்தது.

தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கான பொது உயர அளவு ஆண்களுக்கு 157 சென்டிமீட்டர். 2021இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் தேர்வெழுதும் வாய்ப்பைப் பெற்ற பெண்களுக்கு 152. கூர்க்காக்களுக்கும், வடகிழக்கு மலைப்பகுதி, கடுவால், குமாவுன் பகுதியினருக்கும் 5 சென்டிமீட்டர் தளர்வு உண்டு. லட்சத்தீவு விண்ணப்பதாரர்களுக்கு 2 சென்டிமீட்டர். பழங்குடி மரபுப்படி பச்சை குத்திக்கொண்டவர்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு.

லட்சத்தீவுக்கான அந்த 2 சென்டிமீட்டர் கொச்சியின் வாழ்க்கையோடு ஒட்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 64,473 பேர் வாழும் அத்தீவுகளுக்குப் பயணிகள் கப்பல்கள் செல்வது கொச்சித் துறைமுகத்திலிருந்து. மேற்படிப்புக்கும் மருத்துவத்துக்கும் தீவினர் வந்திறங்குவது இங்கே. அவர்களுடைய ஜெசேரி மொழியின் ஓசை இத்துறைமுகத்துக்குப் புதிதன்று. இவ்வளவு சிறிய மக்கட்தொகையை ஒரு தேசிய விதி பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

அதே அறிவிக்கையில் இன்னொரு 2 சென்டிமீட்டரும் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் இனியும் வளர்வார் என்று கருதி அளிக்கப்படும் சலுகை அது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 'இவ்வுடல் நாளை நம் அளவுக்கு வரும்' என்கிறது. மற்றொன்று 'இவ்வுடல் இப்படித்தான் இருக்கும்; நம் அளவே இவ்வுடலுக்காகக் குனியட்டும்' என்கிறது. எண் ஒன்றே, அவற்றின் பின்னுள்ள அறம் வேறு.

*

அப்படியானால், எந்தக் கூட்டத்தளர்விலும் அடங்காத தனியொருவர் என்ன செய்ய முடியும்?

அமெரிக்க முறையில் இதற்கு வெளிப்படையான ஏற்பாடு உண்டு. பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆய்வுக் குழு, அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தவர் தகுதியானவரா இல்லையா என்று மட்டும் கூறும். விலக்களிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. அவரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் அகாதமியிடமோ பயிற்சித் திட்டத்திடமோ உள்ளது. அளவை அடையவில்லை என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆயினும் இவர் வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்யலாம்.

இந்திய முறையில் இருப்பது மேல்முறையீடு. சிறப்பு மருத்துவக் குழு தகுதியற்றவர் என அறிவித்தால், 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் நிற்கலாம். அங்கும் அதே முடிவு வந்தால் மறுஆய்வுக் குழுவைக் கோரலாம். அது தில்லியிலோ புணேயிலோ மட்டுமே கூடும். ஆயுதப்படை மருத்துவச் சேவைகளின் தலைமை இயக்குநரகம் வழக்கின் தன்மையைப் பார்த்து அனுமதிக்கும். அதை உரிமையாகக் கோர முடியாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. உயர் நீதிமன்றத்தை நாடுவோரும் உண்டு. நீதிமன்றங்கள் நடைமுறைப் பிழையை ஆராயுமேயன்றி, மருத்துவர்களின் கருத்துக்கு மேல் தம் கருத்தை வைக்கப் பொதுவாக முன்வருவதில்லை.

விலக்கும் மேல்முறையீடும் ஒன்றுபோல் தோன்றினும் அவற்றின் தருக்கம் வெவ்வேறு. மேல்முறையீடு செய்பவர் 'அளந்தது தவறு' என்கிறார், அல்லது 'இருந்த குறையைச் சரிசெய்துவிட்டேன்' என்கிறார். விலக்குக் கேட்பவர் 'அளந்தது சரி. இருப்பினும் என்னால் இப்பணியைச் செய்ய முடியும்' என்கிறார். முதல் வாக்கியத்தைக் கேட்க இந்திய முறையில் மூன்று அடுக்குகள் உள்ளன. இரண்டாம் வாக்கியத்தைக் கேட்க ஓர் அடுக்கும் இல்லை. விரைவீக்கம் உள்ளவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு முதல் வாக்கியத்தைச் சொல்லலாம். நிறக்குருடு உள்ளவரால் அதைச் சொல்ல இயலாது.

சொற்களும் இங்கே நிலையாக நிற்பதில்லை. மருத்துவக் குழு எழுதும் 'நிரந்தரத் தகுதியின்மை' என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். அகராதியில் நிரந்தரம் என்பதற்கு முடிவில்லை. குழுவின் தாளில் அது 42 நாட்களுக்குள் கேள்விக்கு உட்படக்கூடியது. அதன் நிர்வாகப் பொருளை அறிந்த விண்ணப்பதாரர் மேல்முறையீட்டுக்கு நாள் குறிக்கிறார். அகராதிப் பொருளை மட்டும் அறிந்தவர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். படைப்பயிற்சி மையங்களும் முன்னாள் படைவீரர்களும் நிறைந்த ஊரில் முதற்பொருள் காற்றிலேயே கிடைக்கும். மற்ற ஊர்களில் கிடைப்பதில்லை. ஒரு சொல்லைப் புரிந்துகொள்வதில் உள்ள வேறுபாடே ஒரு வாழ்க்கையின் திசையைத் தீர்மானிக்கிறது.

*

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியப் படை ஊனமுற்ற உடலை ஏற்காத நிறுவனமன்று. எப்போது ஏற்கிறது என்பதே கேள்வி.

1971 டிசம்பரில் சில்ஹெட் பகுதியில் கண்ணிவெடியில் கால் சிதைந்த கூர்க்கா படைப்பிரிவு அதிகாரி இயான் கார்டோசோ, தம் காலைத் தம் குக்ரியாலேயே அறுத்தெறிந்தார். செயற்கைக் காலோடு உடற்பயிற்சித் தேர்வுகளை முடித்து, மலையேறிக் காட்டி, காலாட்படைப் பட்டாலியனுக்குத் தலைமையேற்ற முதல் மாற்றுத்திறன் அதிகாரியானார். பின்னர் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். 'அளந்தது சரி, இருப்பினும் என்னால் முடியும்' என்ற இரண்டாம் வாக்கியத்தை அவர் சொன்னார், படை செவிசாய்த்தது. மனநிலை, செவி, கைகால், உடல்வலு, கண் என ஐந்து கூறுகளாக அதிகாரிகளை வகைப்படுத்தும் மருத்துவ முறை, பணியிலிருப்பவர் ஒரு கூறில் தாழ்ந்தாலும் ஏற்ற பணியில் தொடர இடம் தருகிறது.

வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு அந்த இடம் இல்லை. வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவே நிற்பவரின் நிலை இன்னும் துயரமானது. அகாதமியில் பயிற்சி பெறும்போது காயமுற்று மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் மாணவர் இன்னும் அதிகாரியல்லர். எனவே முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அவருக்கு இல்லை. நுழையும்போது முழுத் தகுதியோடு நுழைந்தவர். தகுதியை இழந்தது பயிற்சிக் களத்திலேயே. இத்தகையோரின் நிலை குறித்து 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்தது. ஆணை கைக்கு வரும் நாளுக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து, ஒரே காயம் ஒருவருக்குத் தழும்பாகவும் மற்றொருவருக்குத் தகுதியின்மையாகவும் மாறுகிறது.

*

கேரளம் முழுவதும் அறிந்த நாராணத்துப் பிராந்தன் கதையில், சுடுகாட்டில் தோன்றிய பத்ரகாளி வரம் கேட்கச் சொல்கிறாள். ஆயுளை ஒரு நாள் நீட்டிக் கேட்கிறான், இயலாது என்கிறாள். ஒரு நாள் குறைக்கக் கேட்கிறான், அதுவும் இயலாது. அப்படியானால் ஒரு காலில் இருக்கும் மந்தை மறுகாலுக்கு மாற்றித் தா என்கிறான். அது நடக்கிறது. மந்து என்பது கெம்ஃபர் காலத்திலிருந்து கொச்சியின் பெயரோடு ஒட்டியிருக்கும் அதே யானைக்கால் நோய். விதியை மாற்றும் அதிகாரம் இல்லாத தெய்வம் செய்யக்கூடியது இடமாற்றம் மட்டுமே என்ற கசப்பான அறிவு அக்கதையில் இருக்கிறது.

மருத்துவக் குழுவின் அதிகாரமும் அத்தகையதே. அது விதியை எழுதுவதில்லை, விதிக்குள் அளக்கிறது. ஆனால் விதியைத் தெய்வம் எழுதவில்லை. 1914இல் எட்டு வாரங்களில் மூன்று அங்குலம் இறங்கிய விதி அது; போர் வந்ததும் பசித்த உடலை ஏற்றுக்கொண்ட விதி; தொலைதூரத் தீவினருக்காக 2 சென்டிமீட்டர் குனிந்த விதி. காயலடி மண்ணால் எழுந்த வில்லிங்டன் தீவைப் போல அதுவும் மனிதர் கட்டியது. தனிமனித விருப்பத்துக்கு மீண்டும் இடம்கொடாமல், 'அளந்தது சரி. இருப்பினும் என்னால் முடியும்' என்று சொல்பவரைப் பணியின் தேவையோடு ஒப்பிட்டு ஆராய, வெளிப்படையான ஓர் அடுக்கை அமைப்பது அதன் கட்டமைப்புக்கு அப்பாற்பட்டதன்று.